கோப்பில் காலமான நாற்பத்தோரு பேர்

அன்பும் மரியாதையும் மிக்க பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி மகள் எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். பெரியம்மாவின் முழங்கால் இப்போது படியேற விடுகிறதா? நீங்கள் யார் யாரையோ பார்த்து வாங்கிக் கொடுத்த ஆஸ்பத்திரி அலுவலக வேலையில் நானும் நலம், தற்காலிகமாக.

இங்கே யாரும் புதிய எக்செல் ஃபைல் திறப்பதில்லை பெரியப்பா. பழையதை நகலெடுத்து, பேரை அழித்து, வேறு பேரைப் போடுவார்கள். துப்புரவுப் பணியாளர் நாற்பத்தோரு பேருடைய ஃபைல்களும் இறந்துபோன ஒரு வாட்ச்மேனின் ஃபைலிலிருந்து பிறந்தவை. தாளில் அவர் பேர் போய்விட்டது. ஆனால் ஃபைலின் உள்பக்கத்தில், யாரும் எட்டிப் பார்க்காத ‘பண்புகள்’ பகுதியில், ‘நிலை: காலமானார்’ என்பது அப்படியே இருந்திருக்கிறது. திங்கட்கிழமை சூப்பிரண்டெண்ட் எல்லாவற்றையும் கணினியில் ‘ஆவண நூலகம்’ என்ற பொதுச் சேமிப்பில் ஏற்றி, அந்தப் பண்புகளை அங்கிருக்கும் பணியாளர் பட்டியலின் பத்திகளோடு இணைக்கச் சொன்னார். இணைத்தேன். ஒரே சொடுக்கில் நாற்பத்தோரு பேரும் காலமானார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்தே கதவு திறக்கும் வருகைப்பதிவு இயந்திரம் அவர்களில் யாருக்கும் கதவைத் திறக்கவில்லை. ஏழாம் வார்டைக் கூட்டும் அக்கா துடைப்பத்தோடு நேரே சூப்பிரண்டெண்ட் அறைக்கு வந்துவிட்டார்.

“ஐயா, நான் செத்துட்டேனாமே?”

“யாரும்மா சொன்னா? நிலைன்னு ஒரு பத்தியில இருக்கு, அவ்வளவுதான்.”

“அப்ப கதவைத் திறக்கச் சொல்லுங்க.”

“பத்தி மாறட்டும்.”

“அதுவரைக்கும் வார்டை யாரு கூட்டுறது?”

“பின்வாசல் வழியா வந்து கூட்டு. செத்தவங்க கூட்டக் கூடாதுன்னு எங்கயும் எழுதலையே!”

வெள்ளிக்கிழமையோடு அக்காவுக்குப் பத்து வருஷம் முடிகிறது. அன்றைக்குப் பட்டியலில் ‘பணியில்’ என்று இருந்தால் வேலை நிரந்தரம். நான் நூலகத்தில் கையால் திருத்தி உயிர் கொடுப்பேன். அடுத்த இணைப்பில் ஃபைல் கொன்றுவிடும். ஃபைலுக்குள்ளேயே திருத்தினால்தான் நிற்கும். அதற்கான கடவுச்சொல் சூப்பிரண்டெண்டிடம். கேட்டேன். “வெள்ளிக்கிழமை கழியட்டும்மா, பாத்துக்கலாம்” என்றார். சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். கணக்குப் போட்டுத்தான் சொன்னார்.

வியாழக்கிழமை அவர் சாப்பிடப் போன நேரத்தில், அவர் கணினித் திரையிலேயே ஒட்டி வைத்திருந்த கடவுச்சொல்லைப் போட்டு நாற்பத்தோரு ஃபைலையும் திருத்தினேன். அவர் திரும்பி வந்ததும் முகத்துக்கு நேராகச் சொன்னேன். வேலை போகும், போகட்டும். நீங்கள் எனக்காக யார் வாசலிலும் வந்து நிற்க வேண்டாம்.

பெரியம்மாவுக்கு வணக்கம். அண்ணிக்கு என் அன்பு, அண்ணனுக்கு ஒரு குட்டு.

இப்படிக்கு,
உங்கள் ஆசி இருக்கும்வரை எவருக்கும் பயப்படாத மகள்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. நிலை ‘பணியில்’ என்று மாறினால், ‘பணியில் சேர்ந்த நாள்’ என்ற பத்தி தானாகவே அன்றைய தேதியைப் போட்டுக்கொள்ளுமாம். பட்டியல்படி, அக்காவோடு சேர்த்து நாற்பத்தோரு பேரும் நேற்றுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். சூப்பிரண்டெண்ட் மகிழ்ந்துபோய் என் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி மேலே எழுதிவிட்டார். அக்காவுக்கு இன்னும் தெரியாது. “கதவு திறந்துடுச்சு கண்ணு, நீ நல்லா இருக்கணும்” என்று என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போகிறார். பெரியப்பா, உங்களுக்குத் தெரிந்த எல்லோரையும் பார்த்துவிட்டு உடனே புறப்பட்டு வாருங்கள். எனக்காக இல்லை.