போகச் சொன்னவரின் வழக்கு

வாசலில் நின்று "வராதே" என்று சொல்லிவிட்டு, "ஏன் வரவில்லை" என்று கோர்ட்டுக்குப் போகிற இனம் ஒன்று நம்மிடையே வாழ்கிறது. அபூர்வம் என்று நினைக்காதீர்கள். மயிலாப்பூர் மாட வீதிகளை ஒரு சுற்றுச் சுற்றினால் நாலைந்து தட்டுப்படும். முழு வளர்ச்சி பெற்ற ஒருவரைக் காட்டுகிறேன்.

ஸ்ரீஹரி, 'மாட வீதி மணி' ஆசிரியர். ஆபீஸ் எஸ்.டி.டி. பூத்துக்கு மேல் மாடி. சனிக்கிழமை காலையில் பால் பாக்கெட்டோடு இலவசமாக வாசலில் விழுமே, அந்தப் பத்திரிகைதான். கடைக்காரர்களின் விளம்பரத்தில் உயிர் வாழ்வது. ஆனால் ஸ்ரீஹரிக்கு உண்மை பேசும் வியாதி. முன்பக்கம் ஓட்டல் விளம்பரம் என்றால், பின்பக்கம் அதே ஓட்டல் சாம்பாரில் பருப்பைத் தேடி அவர் போன யாத்திரை. தீபாவளி மலரில் அய்யாதுரையின் ஜவுளிக்கடைக்கு முழுப் பக்கம் என்றால், எதிர்ப்பக்கத்தில் அந்தக் கடைப் புடவை முதல் நனைப்பிலேயே நிறத்தைத் துறந்து சந்நியாசம் வாங்கிய சரித்திரம். கடைக்காரர்கள் முனகினார்கள். விடுவாரா? "விளம்பரத்தைக் காட்டி மிரட்டுகிறவர்கள் தாராளமாகப் போகலாம்" என்று பங்குனியில் கொட்டை எழுத்தில் தலையங்கம் தீட்டினார்.

போனார்கள்.

பத்திரிகை நாலு பக்கமாக இளைத்தது. பிறகு ஒற்றைத் தாளாயிற்று. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் மூடுவிழாதான். ஸ்ரீஹரி காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்: சதி. அறுபத்துமூவர் உற்சவத்தன்று எல்லாக் கடைக்காரரும் ஒரே மோர்ப் பந்தலில் நின்றிருந்தார்களே, எதற்கு? கூடிப் பேசி விளம்பரத்தை நிறுத்த. வழக்குப் போட்டார்.

திருநெல்வேலிக்காரரான அய்யாதுரை மாடியேறி வந்தார்.

"சாமி, போகச் சொன்னிய, போனோம். இப்ப ஏன் போனியன்னு கேக்கிய."

"போகலாம்னுதான் எழுதினேன். சேர்ந்து போகலாம்னு எழுதலையே."

"தனித்தனியாத்தான போனோம்."

"அப்போ மோர்ப் பந்தல்?"

"வெயிலு, சாமி."

கோர்ட்டில் நீதிபதி ஒரு சந்தேகம் கேட்டார். பந்தல் யாருடையது?

"என்னுடையதுதான். வருஷா வருஷம் விளம்பரதாரர்களை அழைத்து மோர் கொடுப்பேன்."

"இந்த வருஷமும் அழைத்தீர்களா?"

"அழைத்தேன். வந்தார்கள். அதுதான் சதி."

"வராமல் இருந்திருந்தால்?"

ஸ்ரீஹரி யோசித்தார். "அதுவும் சதிதான்."

வழக்கு தள்ளுபடி. வீட்டில் அவர் மனைவி கோமளம், "போங்கோன்னு எழுதத் தெரிஞ்சவருக்கு வாங்கோன்னு எழுத வரலையாக்கும்" என்றதோடு நிறுத்திக்கொண்டாள். கடைசியில் அய்யாதுரையே இரக்கப்பட்டுக் கால் பக்க விளம்பரம் கொடுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மணி பிழைத்தது. அய்யாதுரையின் விளம்பரம் வந்த அந்த முதல் இதழிலேயே, அந்தக் கால் பக்கத்துக்குக் கீழேயே, 'ஜவுளிக்கடைகளில் மனிதாபிமானம் வளர்கிறது. சாயம்தான் இன்னும் நிற்கவில்லை' என்று ஒரு துணுக்கு.

சிரிக்கிறீர்கள். நல்லது. போன நவராத்திரிக்கு உங்கள் வீட்டுக் கொலுவுக்கு எதிர்வீட்டு விசாலாக்ஷி ஏன் வரவில்லை? தெருவே சேர்ந்து உங்களை ஒதுக்குவதாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்பீர்களே. அதற்கு முந்தைய வருஷம் அவர் பாடி முடித்ததும், "சுருதியும் கூட வந்திருக்கலாம்" என்று நாலு பேர் முன்னால் சொன்னது யார்?

வக்கீலெல்லாம் வேண்டாம். இந்த வருஷம் குங்குமச் சிமிழோடு நேரில் போய் அழையுங்கள். வந்தால் பாடச் சொல்லுங்கள். பாடி முடிக்கும்போது வாய் நிறையச் சுண்டல் இருக்கட்டும், உங்கள் வாயில்.