தாலி பொறுக்கும், பப்படம் பொறுக்காது

கோட்டாற்றில் எல்லாச் சாதிக்காரர்களையும் ஒரே பந்தியில் முதலில் உட்கார வைத்தது யார் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு தலைவர் பெயரைச் சொல்கிறார்கள். எல்லாம் புளுகு. அதைச் செய்தவர் பப்படம் அண்ணாச்சி. அவருக்குச் சமத்துவமும் தெரியாது, ஒரு மண்ணாங்கட்டியும் தெரியாது. பப்படம் நமத்துப் போகக் கூடாது. அவ்வளவுதான் அவருடைய கொள்கை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நாங்கள் சில குமாஸ்தாக்கள் சேர்ந்து கோட்டாற்றில் ஒரு வீட்டில் குடியிருந்தோம். அண்ணாச்சி அரிசி மண்டியில் வேலை பார்த்தவர். ஒரு நாள் எங்கள் சமையல்காரன் சொல்லாமல் ஓடிப்போனான். "நான் வைக்கேன்வே" என்று அண்ணாச்சி அடுப்படிக்குள் போனார். அன்று அவர் வைத்த சாம்பாரைக் கிணற்றடி வாழைக்கு ஊற்றினோம். வாழை பட்டுப்போயிற்று. ஆனால் பப்படம்! பொரித்த கையோடு இலையில் போட்டார். பருப்புச் சோற்றில் நொறுக்கினால் தெருவுக்கே சத்தம் கேட்டது. அந்தப் பப்படத்தை நம்பித்தான் அந்த வருஷம் முழுக்க உயிரோடு இருந்தோம்.

மற்ற சமையலை அவர் கற்ற விதம் கேவலமானது. எந்தக் கல்யாணம் என்றாலும் அழைப்பில்லாமல் ஆக்குப்புரைக்குள் நுழைந்துவிடுவார். சமையல் கொட்டகையில் அந்நியன் வந்து அண்டாவை எட்டிப் பார்த்தால் எந்தச் சமையல்காரன் சும்மா இருப்பான்? அவியலுக்கு ஒரு அடி, எரிசேரிக்கு ஒரு அடி என்று வாங்கித்தான் படித்தார். பிறகு மண்டியை விட்டுவிட்டுத் தானே கல்யாணச் சமையலுக்குக் கிளம்பினார். கை நல்ல கை. வாய்தான் நாசம்.

கொட்டாரம் என்ற ஊரில் ஒரு கல்யாணம். மணமேடையில் சம்பந்திகள் சீர்வரிசைக்காக வாயாடிக்கொண்டிருக்க, உள்ளே அண்ணாச்சி பப்படம் பொரித்து முடித்துவிட்டார். எண்ணெய் சொட்டும் கரண்டியோடு மேடைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தாலியப் பொறவு கெட்டலாம். எல்லாரும் பந்திக்கு வாங்க!"

பெண்ணின் தகப்பனார் ஓடி வந்தார். "என்னவே சொல்லுகேரு? முகூர்த்தம் தப்பிரும்வே!"

"தப்புனா அடுத்த முகூர்த்தம் உண்டு. தாலி பொறுக்கும் ஓய், பப்படம் பொறுக்குமா? மாப்பிளை என்ன நமத்தா போயிருவான்?"

பந்தல்காலில் அவரைக் கட்டி வைத்துவிட்டுத்தான் தாலி கட்டினார்கள். அதோடு ஒரு கல்யாண வீட்டிலும் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட ஆளில்லாமல்தான் அவர் ஓட்டல் முதலாளி ஆனார். முன்னேற்றம் என்கிறார்களே, அது பாதி நேரம் இப்படித்தான் வருகிறது.

மனைவியின் கழுத்தில் கிடந்ததெல்லாம் அண்டாவும் அடுப்புமாக மாறியது. கட்டடம் ஒரு பென்ஷன் தாசில்தாருடையது. நடுவில் ஓலைத் தட்டி வைக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. தட்டிக்கு உள்ளே அவர் சாதிக்காரர்கள், வெளியே மற்றவர்கள். உள்ளே போகும் சாப்பாடு வெளியாள் கண்ணில் படக் கூடாதாம். அதனால் பரிமாறுகிறவன் கொல்லையைச் சுற்றிப் போக வேண்டும். அன்றைக்கு ஊரெல்லாம் இந்த அசிங்கம்தான், எவனுக்கும் வெட்கமில்லை. அண்ணாச்சியும் வாயைத் திறக்காமல் தட்டி வைத்தார்.

ஆனியில் சாரல் பிடித்தது. கொல்லையைச் சுற்றிய பப்படம் ஈரத்தைக் குடித்துத் துணியாகப் போய்ச் சேர்ந்தது. உள்பந்தியில் ஒருவர் அதைத் தூக்கிப் பிடித்து, "இதுல மொகந் தொடைக்கலாம் போலிருக்கே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதே நேரம் தட்டிக்கு வெளியே குளச்சல் மீன் வியாபாரி சாயபு படபடவென்று நொறுக்கும் சத்தம் கேட்டது.

அண்ணாச்சி தட்டியைப் பிடுங்கி, ஒடித்து, அடுப்பில் வைத்து, அந்தத் தீயிலேயே அடுத்த ஈடு பப்படம் பொரித்தார்.

தாசில்தார் மூச்சிரைக்க வந்தார். "ஏலே, ஆசாரம்னா என்னன்னு தெரியாதாலே ஒனக்கு? நாளைக்கே எடத்தக் காலி பண்ணு!"

"ஆசாரம் நமத்தாலும் ஆசாரந்தான், ஐயா. பப்படம் நமத்தா வெறுந் தோலு. இரிங்க, ஒரு வாய் தின்னுட்டு ஏசுங்க."

நான் கெஞ்சினேன். "அண்ணாச்சி, வீட்டுக்காரி நகையெல்லாம் போயாச்சு. பேசாம ஒரு தட்டி வாங்கி வச்சிரும்வே."

"அவளும் நம்ம பப்படம் தின்னவதாம்வே. வைக்கச் சொல்ல மாட்டா."

மறுநாள் அண்டாக்கள் தெருவில் கிடந்தன. சாயபுதான் தன் கருவாட்டு மூட்டை அடுக்கும் கிட்டங்கியைக் காலி செய்து கொடுத்தார். வாடை போவதற்குள் எங்கள் உயிர் போயிற்று. ஒரே கூடம், ஒரே பந்தி, கை நீட்டும் தூரத்தில் அடுப்பு. சீர்திருத்தக்காரர்கள் மாலையோடு வந்து பேச ஆரம்பித்தார்கள். "எல போட்டாச்சு, பேச்ச நிறுத்தும்வே" என்று அண்ணாச்சி அவர்களை உட்கார வைத்துவிட்டார்.

பழைய உள்பந்திச் சாதிக்காரர்கள் காலெடுத்து வைக்க மாட்டோம் என்று சபதம் போட்டார்கள். தாசில்தார் மட்டும் வேலைக்காரனிடம் தூக்குச்சட்டி கொடுத்தனுப்பினார். அண்ணாச்சி அதை வெறுமையாகத் திருப்பியனுப்பினார். "கொண்டு போறதுக்குள்ள நமத்துரும். வந்து இருந்து திங்கச் சொல்லு."

தாசில்தார் வந்தார். யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பக்கத்தில் சாயபு. இரண்டு இலையிலும் நொறுங்கிய சத்தத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

சில வருஷங்களில் அண்ணாச்சி போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு எல்லாரும் போனோம். பூசை முடியத் தாமதமாகி, எப்போதோ பொரித்த பப்படம் இலையில் விழுந்தது. ஒருவரும் ஏசவில்லை. ஏசுகிற ஆள் படத்தில் இருந்தார். தாசில்தார் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பருப்புச் சோற்றில் என் பப்படத்தை நொறுக்கப் பார்த்தேன். சத்தமே வரவில்லை.