துவைக்கவே வேண்டாத சாக்ஸ்

லிஃப்ட் மெக்கானிக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்தது. மனைவி சொன்னது அப்படி.

"இனிமே உங்க சாக்ஸை நீங்களே துவைச்சுக்கோங்க. என் மூக்கு ராஜினாமா பண்ணிடுச்சு."

"நானா? துவைக்கிறதா? இனிமே என் சாக்ஸை யாருமே துவைக்க வேண்டாம், போ!"

சாயங்காலமே இரண்டு ஜோடி புது சாக்ஸோடு வந்தார். கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள் கலந்ததாம். நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகளை வெள்ளி கொன்றுவிடுமாம். ஒரு மாதம் துவைக்கவே வேண்டாம் என்று அட்டையில் போட்டிருந்தது.

மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் கிருமி வளர்த்துப் பார்க்கிற உத்தியோகம். அட்டையை இரண்டு தரம் படித்தாள்.

"வெள்ளி கிருமியைக் கொல்லும், வாஸ்தவம்தான். உங்க வேர்வையையும் கிரீஸையும் யார் திங்கிறது?"

"பொறாமைடி உனக்கு! ஒரே ஜோடி, ஒரு மாசம். நாறலேன்னா வீட்டுத் துணி மொத்தமும் நீ துவைக்கணும். நாறினா நான்!"

"சரிங்க."

மூன்றாம் நாளே நாறியது. அட்டையைக் கிழித்தார். கடைக்காரனின் ஏழு தலைமுறையைத் திட்டினார். அதற்காகப் பெண்டாட்டியிடம் தோற்பதா? குளிக்கிற சாக்கில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, சோப்புப் போட்டு, பிரஷ்ஷால் தேய்தேய் என்று தேய்த்தார். தினமும் தேய்த்தார். காயாத சாக்ஸை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு போய், லிஃப்டில் ஏறுகிறவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தார்.

மாதம் முடிந்தது. மனைவி முன்னால் காலை நீட்டினார்.

"மோந்து பாரு!"

"வாசனையாவே இருக்குங்க."

"தோத்துட்டேன்னு சொல்லு!"

அவள் பையிலிருந்து கிருமி வளர்க்கிற கண்ணாடித் தட்டுகள் இரண்டை எடுத்து வைத்தாள். "லேபுல வச்சுப் பார்த்தேன். இது பிரிக்காம இருந்த ஜோடியில ஒரு துண்டு. சுத்திலும் கிருமி அண்டலை பாருங்க, வெள்ளி வேலை செய்யுது."

"நான் சொல்லலை?"

"இது நீங்க போட்டிருக்கிற ஜோடியோட விளிம்புல வெட்டினது. துண்டு மேலயே கிருமி குடித்தனம் பண்ணுது. வெள்ளி மொத்தமும் போயாச்சு."

"திருட்டுப் பய! அந்தக் கடைக்காரனை உண்டு இல்லேன்னு ஆக்கறேன்!"

"அவர் பாவங்க. துவைக்கத் துவைக்கத்தான் வெள்ளி போகும். இந்த அளவுக்குப் போகணும்னா தினமும் தேய்ச்சிருக்கணும்."

நீட்டிய காலை அவர் மடக்கிக்கொண்டார்.

அழுக்குக் கூடையை அவர் பக்கமாகத் தள்ளிவிட்டு அவள் எழுந்தாள்.

"நான் துவைச்சா இவ்வளவு சுத்தமா வராதுங்க."