கம்பிக்கு அந்தப் பக்கம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, கண்ணுகளா. இந்தக் கதையைச் சத்தமாகச் சொன்னால் மாடுகளுக்குக் கேட்டுவிடும்.

காலைப் பனிமூட்டத்தில் புது ஆள் திகைத்து நின்றார். முந்தின நாள் சாயங்காலம் இந்தத் துண்டு நிலத்தில் அவர் அடைத்த மாடுகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. எல்லாம் பக்கத்துத் துண்டில் மேய்ந்துகொண்டிருந்தன. மாடு தாண்டாமலிருக்க நடுவே ஓடிய கரண்ட் கம்பி வேலி அறுபடவில்லை. வாசலில் அவர் போட்ட முடிச்சும் அவிழவில்லை.

வங்கி வேலையை உதறிவிட்டு, ரசாயனம் படாத பால் பண்ணை வைக்கப் பயிற்சிக்கு வந்தவர் அவர். பயிற்சி தரும் அக்கா வெளியூர் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "புல்லைப் பாதி கடிச்சதும் அடுத்த துண்டுக்கு மாத்திடுங்க. ஒட்ட மேய விட்டா நிலம் செத்துடும், நீங்களும் ஃபெயில்."

ஃபெயிலானால் மறுபடி வங்கிக் கவுன்ட்டர்தான் என்று மனைவி முடிவு கட்டியிருந்தாள்.

மாடுகளைப் பழைய இடத்துக்கே விரட்டினார். அவை அசைபோடுவதை நிறுத்தி, ஒரே சமயத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தன.

மறுநாள் இன்னும் ஒரு துண்டு தள்ளி நின்றன. மனைவிக்குப் போன் போட்டார்.

"கம்பி அப்படியே இருக்கு. மாடு மட்டும் மாறுதும்மா!"

"கிழிஞ்ச நோட்டை எட்ட இருந்தே கண்டுபிடிப்பீங்க. இத்தாம்பெரிய மாடு போறது தெரியலையாக்கும்?"

முதல் கன்று ஈன்ற சின்னப் பசுமேல்தான் அவருக்குச் சந்தேகம். அதன் கழுத்தில் மணி கட்டினார். விடிந்து பார்த்தால், மணி அவருடைய அறைக் கதவுக் கைப்பிடியில் தொங்கியது.

அன்று மதியம், சின்னப் பசுவின் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கண் அசந்தது.

விழித்தபோது நாற்காலியோடு அடுத்த துண்டில் இருந்தார். சுற்றிலும் கரண்ட் கம்பி. வெளியே மாடுகள் சத்தமில்லாமல் வரிசையாக நின்றன. இடுப்புக் கயிற்றின் மறுமுனை சின்னப் பசுவின் வாயில் இருந்தது.

அந்நேரம் பார்த்துப் பால் வண்டியில் அக்கா வந்து இறங்கினார். குனிந்து புல்லைத் தடவினார். சின்னப் பசுவின் முதுகில் தட்டினார்.

"அடடா! ஒரு துண்டுகூட ஒட்ட மேயலை. பாஸ்!"

கம்பிக்குள் இருந்தபடியே அவர் போனை எடுத்தார். "பாஸாயிட்டேன்மா!"

கேன் ஏற்றிக்கொண்டிருந்த வண்டிக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"அவசரப்பட்டுட்டீங்களே சார். அக்கா பாஸ் போட்டது பசுவுக்கு. புது ஆளை மேய்க்கத்தான் இங்க பயிற்சி."

நல்லா இருங்க, கண்ணுகளா. உங்கள் வீட்டில் பால் குறையாதிருக்கட்டும். உங்களை மேய்ப்பது யாரானாலும் அன்பாக மேய்க்கட்டும்.