டெல்மாவின் வீடு படகான விவரம்

இந்தக் கதையை நான் நேரில் பார்க்கவில்லை. சொன்னவர் கிளாரி வெனபிள்ஸ். தான் பிடித்த மீனைப் பற்றிச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் ஒரு சாண் கூட்டுகிறவர். ஆகவே நம்பும்படியாக இருந்த இடங்களையெல்லாம் இன்னொருவரிடம் விசாரித்தேன். நம்ப முடியாத இடங்களை விசாரிக்காமல் அப்படியே விட்டுவிட்டேன். அவை பெரும்பாலும் சரியாகவே இருந்தன.

வட குயின்ஸ்லாந்தில், டன்னர் முனையில், கடலிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி ஆளுயரத் தூண்கள் மேல் நிற்கும் மரவீடு டெல்மா டொரிசியுடையது. பள்ளிக்கூடக் கேன்டீனில் முப்பது வருஷம் சமைத்து வாங்கியது. வங்கிக் கடன் இன்னும் ஆறு வருஷம் பாக்கி. காப்பீடு இல்லாவிட்டால் வங்கி வீட்டை விட்டுவைக்காது.

அந்த நவம்பரில் காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம் வந்தது. "தங்களது நீண்டகால நம்பிக்கையை மனமார மெச்சி" என்று தொடங்கி, நாலாயிரம் டாலர் பிரீமியம் இனிப் பதினேழாயிரம் என்று முடிந்தது. கூரைக்குப் புது போல்ட்டுகளும் ஜன்னல்களுக்குப் புயல் கதவுகளும் போட்டதற்காகப் பதினோரு டாலர் தள்ளுபடியும் இருந்தது.

டெல்மா போன் போட்டாள். எடுத்தவர் டிரிஸ்டன் என்ற அலுவலர்.

"தம்பி, என் வீட்டுக்கு அடியில பக்கத்து வீட்டு கிளாரியோட படகு நிக்குது. அதுவும் உங்க பாலிசிதான். வருஷம் முந்நூத்திப் பத்து. புயல் வந்தா ரெண்டு மேலயும்தானே வரும்?"

"படகு கடல்ல இருக்கவேண்டிய பொருள் மேடம். கடல் பக்கத்துல இருக்கறது அதுக்கு ஆபத்து இல்ல. வீட்டுக்குத்தான் ஆபத்து."

"அப்போ என் வீடு கடலுக்குள்ளயே இருந்தா?"

டிரிஸ்டன் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்தார். "அப்படின்னா அது எங்க பிரிவுல வராது. படகுப் பிரிவுக்கு மாத்தி விடறேன்."

படகுப் பிரிவில் ஒரு பெண் பேசினாள். அவளுக்கு வேலை முடித்துப் போகும் அவசரம்.

"நீளம்?"

"பதினாலு மீட்டர். ஆனா அது வீடும்மா."

"படகுல குடியிருக்கறவங்க நெறைய பேர் மேடம். அடிப்பாகம் தரையைத் தொடுதா?"

"இல்ல. தூண் மேல நிக்குது."

"தாங்கியில நிக்குது, நல்லது. இன்ஜின்?"

"கிடையாது."

"அப்போ தீப்பிடிக்கிற ஆபத்தும் கொறைவு. இதுவரைக்கும் எதுலயாவது மோதியிருக்கா?"

டெல்மா நேர்மையாக யோசித்தாள். "அது எங்கயும் போனதில்லம்மா."

அப்படியொரு ஒழுக்கமான படகை அந்தப் பிரிவு கண்டதில்லை. முந்நூற்று நாற்பது டாலர். படகின் பெயர் கேட்டார்கள், 'பொறுமை' என்று கொடுத்தாள். பரிசோதகர் வந்து படிக்கட்டைத் தட்டிப் பார்த்து, 'ஏறுபலகை: திருப்திகரம்' என்று எழுதினார். பூனையைப் பார்த்துவிட்டு, 'மாலுமி: ஒன்று' என்றார். பாலிசியில் இருந்த முத்திரையைப் பார்த்து வங்கியும் சும்மா இருந்தது. விஷயம் தெருவில் பரவியது. பொங்கலுக்கு இங்கே புதுச் சட்டை வாங்குவதுபோல அங்கே எல்லோரும் லைஃப் ஜாக்கெட் வாங்கினார்கள். ஜனவரி முடிவதற்குள் அந்தத் தெருவில் பத்தொன்பது படகுகள்.

பிப்ரவரியில் புயல் கிளம்பியது. அந்தக் கரையில் புயல் என்றால் படகுக்காரர்கள் உப்பங்கழிக்குள் போய், அலையாத்தி மரங்களில் படகைக் கட்டிப்போடுவார்கள். நிறுவனமும் செய்தி அனுப்பியது: 'நாளை மாலைக்குள் படகு அலையாத்தி மரங்களில் நான்கு கயிறுகளால் பிணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். தவறினால் பாலிசி செல்லாது.'

டெல்மா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். "யோவ் கிளாரி, இருக்கற ஒரு வீடும் போச்சு. இதை எப்படிக் கழிக்குள்ள கொண்டுபோறது?"

கிளாரி செய்தியை இரண்டு முறை படித்தார். "கட்டணும்னுதானே போட்டிருக்கான்? கொண்டுபோகணும்னு எங்க போட்டிருக்கான்? கழி உன் கொல்லைக்குப் பின்னாலதானே ஓடுது. கயிறு வாங்கு."

மறுநாள் மாலை பத்தொன்பது வீடுகளிலிருந்தும் எழுபத்தாறு கயிறுகள் கொல்லை தாண்டி அலையாத்தி மரங்களுக்குப் போயின. யாரோ அதில் துணி வேறு காயப்போட்டிருந்தார்கள். போட்டோ அனுப்பினார்கள். 'முறைப்படி பிணைக்கப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது.

புயல் டெல்மாவின் கூரையில் மூன்று தகரங்களைக் கொண்டுபோனது. வந்த மதிப்பீட்டாளர், "படகுக்குக் கூரை கணக்கில வராது மேடம்" என்றார். டெல்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, 'பாய்மரப் பாய் சேதம்: மூன்று' என்று எழுதினார். ஒன்பதாவது நாள் பணம் வந்தது. பக்கத்துத் தெருவில் வீடுகளாகவே இருந்துவிட்ட வீடுகளுக்கு இன்னும் வரவில்லை.

அடி விழுந்தது கிளாரிக்கு. அவர் இருப்பது வாடகை வீடு. சொத்தென்று இருப்பது அந்தப் படகுதான். அதன் பிரீமியம் முந்நூற்றுப் பத்திலிருந்து ஐயாயிரமானது. டிரிஸ்டனையே பிடித்தார்.

"என்ன தம்பி அநியாயம்?"

"உங்க தெருவுல இருபது படகு சார். பத்தொம்பது எடத்தை விட்டு அசைஞ்சதே இல்ல. உங்களது மட்டும்தான் அடிக்கடி கடலுக்குள்ள போகுது. அது ரொம்ப ஆபத்தான பழக்கம்."

"படகு வேற எங்க போகும்?"

டிரிஸ்டன் சற்று நேரம் தட்டினார். "ஒண்ணு பண்ணலாம். உங்க தெருவுல இப்போ வீடே இல்ல. அதனால புயல்ல வீட்டுச் சேதமும் இல்ல. அங்க வீட்டு பிரீமியம்தான் இப்போ ரொம்பக் கம்மி. படகுல கூரை இருக்கா சார்?"

"ஒரு தார்ப்பாய் இருக்கு."

இதைக் கிளாரி சொன்னபோது நான் நம்பவில்லை. ஆனால் இதை மட்டும் அப்படியே விட மனம் வராமல், நிறுவனத்தின் பதிவேட்டைப் போய்ப் பார்த்தேன். அந்தத் தெருவில் பத்தொன்பது படகுகளும் ஒரே ஒரு வீடும் இருக்கின்றன. வீட்டின் நீளம் நாலேகால் மீட்டர், அலுமினியம். குறிப்புப் பகுதியில், 'பரிசோதகர் சென்றபோது வீடு மீன் பிடிக்கப் போயிருந்தது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.