களரிக்கல் வீட்டுப் பாடம்

பலாப்பழத்தை வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம், படம் வரையச் சொல்லலாம், மழைக்காலத்தைப் பற்றிப் பேசலாம். ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது எப்படி என்பதுதான் புருஷோத்தமன் மாஷுக்குப் பிடிபடவில்லை.

"ஜே ஃபார் ஜாக்ஃப்ரூட்னு ஆரம்பிங்க மாஷே," என்றாள் ரம்லத் டீச்சர்.

"நாலாங் கிளாஸ் பிள்ளைங்களுக்கு ஜே தெரியாதா டீச்சரே?"

"தெரியும். ஆபீசர் கேட்டா மட்டும் மறந்துடும்."

ஆலத்தூர்ப் பக்கம் இருந்த அந்தத் தொடக்கப் பள்ளியில் வகுப்பு நான்கு, பிள்ளைகள் முப்பத்தொன்று, ஆசிரியர்கள் இவர்கள் இரண்டே பேர். திங்கட்கிழமை சாயங்காலம், ஓட்டுக்கூரைமேல் மழை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், மாஷுக்கு ஒரு போன் வந்தது. "ஆபீஸ்லேர்ந்து பேசறோம்" என்ற குரலைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"வியாழக்கிழமை மாஷோட பாடம் பாக்க வர்றோம். இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் முழுசாப் பாக்கணும். நல்லா இருந்தா பரிசுக்கு எழுதிடுவோம்."

இந்தக் கோடி ஒன்றாம் வகுப்பு, அந்தக் கோடி நான்காம் வகுப்பு. முழுசாக என்றால் எல்லாப் பாடங்களும். மாஷுக்கு அதில் சந்தேகமே எழவில்லை.

மாஷின் களரிக்கல் வீட்டில் நான்கு தலைமுறையாக எல்லோரும் ஆசிரியர்கள். அவருடைய அப்பா தெருவில் நடந்தால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நிற்பார்கள். மாஷின் வகுப்பையோ இருபத்தெட்டு வருடமாக யாரும் வந்து பார்த்ததில்லை. முதல்முறையாக வருகிறவர்கள் சிரித்துவிட்டுப் போனால், வாசலில் இருக்கும் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

அன்று சாப்பிடும்போது மனைவி சத்தியபாமா, "வியாழக்கிழமை ஆளுங்க வர்றாங்களாம்..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும். எனக்குத்தான் போன் வந்தது. நீ இதுல தலையிடாதே."

"நான் தலையிடாம எப்படி?"

"நாலு தலைமுறையா இதைப் பாத்துக்கிட்டது யாரு? நீயா?"

சத்தியபாமா அவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் ரம்லத் டீச்சர் தன் போனில் தேடிக் காட்டினாள். "ஒண்ணாங் கிளாஸ் கணக்குக்கு மட்டும் நானூறு ஐடியா இருக்கு மாஷே."

"நானூறா? நான் ஒண்ணை வெச்சே இவ்வளவு வருஷம் ஓட்டிட்டேனே!"

எரிமலை, பொம்மலாட்டம், காகிதக் கடை என்று பதினாறு கட்டம் போட்டு எழுதிப் பார்த்தார். எரிமலைக்குச் சோடா உப்பு வேண்டும். சத்துணவு சமைக்கும் கல்யாணிச் சேச்சி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "உங்க எரிமலைக்கு என் சோடாவா? போங்க மாஷே," என்று அனுப்பிவிட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரே பொருள் என்று முடிவானது அதன் பிறகுதான். ஒன்றாம் வகுப்பு பலாவை வரையட்டும். இரண்டாம் வகுப்பு கொட்டையை எண்ணட்டும். மூன்றாம் வகுப்பு நிறுக்கட்டும். நான்காம் வகுப்பு ஆங்கிலத்தில் வர்ணிக்கட்டும்.

புதன்கிழமை ஒத்திகை. பழம் தேனாக இருந்தது. கொட்டையை எண்ண வேண்டுமானால் சுளையைத் தின்றாக வேண்டும். பிள்ளைகள் நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினார்கள். வியாழக்கிழமைக்கென்று வைத்திருந்த இன்னொரு பழத்தையும் எண்ணினார்கள்.

வியாழக்கிழமை காலையில் பதினோரு பேருக்கு வயிறு சரியில்லை.

"பெஞ்சு காலியா இருந்தா மானம் போகும்," என்று மாஷ் பக்கத்து அங்கன்வாடியிலிருந்து ஏழு குழந்தைகளைக் கடன் வாங்கி உட்கார வைத்தார். ஏழும் ஒரே சுருதியில் அழுதன. ஊரெல்லாம் தேடியும் பழம் கிடைக்காமல் காய்தான் கிடைத்தது. வெட்டியதும் பிசின் ஊற்றியது. தராசுத் தட்டு காயோடு ஒட்டிக்கொண்டது. ஒன்றாம் வகுப்பின் விரல்கள் நோட்டோடு ஒட்டிக்கொண்டன. அங்கன்வாடிக் குழந்தை ஒன்று மாஷின் வேட்டியோடு ஒட்டிக்கொண்டது.

"தேங்காய் எண்ணெய்!" என்று கத்தினார் மாஷ்.

எண்ணெய் வந்தது. பிசின் விட்டது. தரை வழுக்கியது. வாசலில் ஜீப் வந்து நின்ற அதே நொடியில் மாஷ் தரைக்கு வந்தார். களரிக்கல் குடும்பத்தார் விழுவதில்லை. அவர் உட்கார்ந்தார் என்றே சொல்ல வேண்டும்.

ஒரு மேடமும் இரண்டு ஆபீசர்களும் இறங்கினார்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். ஒருவர் கையில் நீளமான அளவு டேப். கரும்பலகையைக்கூட அளப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தார் மாஷ்.

"மாஷைக் கூட்டிட்டுப் போகத்தான்..." என்றார் மேடம்.

"எங்கேயும் போக வேண்டாம். எல்லாம் இங்கேயே தயார். உட்காருங்க!"

அவர் போட்ட போடில் மூவரும் ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார்கள். நாற்பது நிமிடம் பாடம் நடந்தது. நான்காம் வகுப்பு உன்னி எழுந்து, "ஜாக்ஃப்ரூட் ஈஸ் மை மாஷ்," என்றான். மேடம் கைதட்டினார்.

"மாஷ் இதெல்லாம் சொந்தமாவே பண்றதா, ஆள் வெச்சுப் பண்றதா?" என்று கேட்டார் டேப் வைத்திருந்தவர்.

மாஷ் நிமிர்ந்தார். "எங்க வீட்டுல ஆள் வெச்சுப் பண்ற வழக்கமே இல்லை. நாலு தலைமுறையா சொந்தமாத்தான்."

"வீட்டுல சேச்சிதான் முழுக்கப் பாத்துக்கறாங்கன்னு கேள்விப்பட்டோமே?"

"அவளா?" மாஷ் வாய்விட்டுச் சிரித்தார். "அவளுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை சார்!"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது ஜீப் டிரைவர் கதவருகே வந்து தலையைச் சொறிந்தார்.

"மேடம், இந்தப் பாடம் முடிஞ்சா, நெல்லு நிக்கற பாடத்துக்கு, அதான் வயலுக்கு, போலாமா? பரிசு குடுக்கற கிருஷிபவன் விவசாய ஆபீஸ் ஆளுங்க இன்னுமா வரலைன்னு, மாஷ் வீட்டுச் சேச்சி முட்டளவு சேத்துல நின்னுக்கிட்டு மூணாவது தடவையா போன் பண்றாங்க."