வெள்ளிக்கிழமை மட்டும் என் நாத்தனாரை அழைத்துக்கொள்

என் அன்புக்கும் அவ்வப்போது என் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீயும் அத்தானும் பையனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். இல்லையென்றாலும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு முதலில் என் கதையைப் படித்து முடி, அப்புறம் உன் முதுகுவலியை விசாரிக்கிறேன். போனில் சொல்லித் தொலைக்கலாமே என்பாய். என் நாத்தனார் மாடி அறையில் இருக்கிறாள். இந்த வீட்டுச் சுவர்களுக்கு இருக்கிற காது மனிதர்களுக்குக்கூடக் கிடையாது. அதனால் எல்லாரும் படுத்த பிறகு சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். காலையில் கூரியரில் போட்டால் மறுநாள் உன் கைக்கு வந்துவிடும்.

கேட்கப்போவது ஒன்றே ஒன்று. வருகிற வெள்ளிக்கிழமை, அந்த ஒரு நாள் மட்டும், என் நாத்தனாரை உன் வீட்டுக்கு அழைத்துக்கொள். காரணத்தை நீயே கண்டுபிடி. பழைய கார் ஒன்று வாங்கப் போகிறோம், நீ வந்து ஓட்டிப் பார்த்துச் சொல்லம்மா என்று அத்தானை விட்டுப் பேசச் சொன்னால் சாப்பிடாமல்கூட ஓடிவருவாள். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறவள் அல்லவா, கார் என்றால் போதும். கார் இல்லையே என்று அத்தான் முழித்தால், அவள் வந்து சேர்ந்த பிறகு முழித்துக்கொள்ளட்டும்.

எதற்கு என்று கேட்பாய். சொல்கிறேன். உன் செல்ல வாண்டு, என் மகள், போன திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் ஒரு காரியம் செய்துவிட்டாள். ஏழாம் வகுப்பில் ஒரு பையன், வக்கீல் மகன், தினமும் இரண்டு எடுபிடிகளைக் கூட்டிக்கொண்டு வந்து இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்றின் கண்ணாடியைக் கழற்றிப் பந்து மாதிரித் தூக்கிப் போட்டு விளையாடுவானாம். அந்தக் குழந்தைக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் சுவரும் தெரியாது, வாசலும் தெரியாது. தடவித் தடவி நடக்கும், இவன்கள் சிரிப்பான்கள். சுற்றி நிற்கிற அத்தனை பிள்ளைகளும் டிபன் டப்பாவையே பார்த்துக்கொண்டு சாப்பிடும். அன்றைக்கு நம்ம வாண்டு எழுந்து போய், அந்தரத்தில் வந்த கண்ணாடியைத் தாவிப் பிடித்து, குழந்தையின் மூக்கில் மாட்டி, கையைப் பிடித்து வகுப்புவரை கொண்டுபோய் விட்டிருக்கிறாள். நடுவில் அந்தத் தடியன் இவளைப் பிடித்துத் தள்ளியதில் கண்ணாடியில் காதில் மாட்டும் கம்பி ஒன்று முறிந்துபோனது. இப்போது வக்கீல் சொல்கிறார், முறித்தது எங்கள் பெண்தானாம், அவர் மகன் விலக்கிவிடப் போனானாம். பார்த்த பிள்ளைகள் ஒருத்தருக்கும் ஒன்றும் ஞாபகம் இல்லையாம். வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை அறையில் எல்லாரும் உட்கார்ந்து பேசப்போகிறார்கள். அந்த வக்கீல் முன்னால் நம்ம ஐந்தாம் வகுப்பு வாண்டு வாயைத் திறந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பழி இவள் தலையில்.

இவளுக்குத் துணையாக ஒரே ஒரு பெரியவர் பக்கத்து நாற்காலியில் உட்காரலாம். யார் என்று இவள்தான் சொல்ல வேண்டும். அந்தப் பெரியவர் பள்ளிக்கூடத்தில் நடக்கும் பெற்றோர் பயிற்சிக்கு வந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், பிள்ளை கேட்டாலொழிய வாயைத் திறக்கக் கூடாது. கவனி அக்கா, ஒரே ஒரு நாற்காலி.

சம்பவம் திங்கட்கிழமை. பெற்றவளுக்குத் தெரிந்தது வியாழக்கிழமை, அதுவும் பள்ளிக்கூடத்துப் போனில். நாத்தனாருக்கு எப்போது தெரியும்? திங்கட்கிழமை சாயந்திரமே!

"ஏண்டி என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொல்லக் கூடாதுன்னு இல்லம்மா."

"அத்தைகிட்ட மட்டும் சொல்லத் தோணிச்சா?"

"அத்தை கார்ல இருந்தாங்களா, ரோட்டப் பாத்துட்டிருந்தாங்களா, அப்படியே வாயில வந்துடுச்சு. உன்கிட்ட சொன்னா நீ என் மூஞ்சியவே பாப்பே."

பெற்ற தாய் மகள் முகத்தைப் பார்ப்பது குற்றமாம். இந்த முகத்தை எத்தனை தடவை கழுவி விட்டிருப்பேன்! கல்லூரியில் குழந்தை மனம் என்று ஒரு முழுப் பாடம் படித்துத் தேறியவள் நான். நாத்தனார் படித்தது கிளட்சும் கியரும். பள்ளிக்கூடம் விட்டதும் வாண்டுவைக் கற்றுக்கொள்கிறவர்களோடு சேர்த்துப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுவாள். நான் அதை உதவி என்று நினைத்திருந்தேன். பொறாமையா என்று கேட்காதே. பொறாமைதான், உன்னிடம் என்ன மறைப்பு. வயிறு எரிகிறது, அதில் நாலு வீட்டுக்குச் சமைக்கலாம்.

சனிக்கிழமை பயிற்சிக்கு நான் கிளம்பினால், வாசலில் எனக்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு அவள் நிற்கிறாள். "நானும் வர்றேன் அண்ணி, தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லதுதானே." எங்களைக் கொண்டுபோய் விட வந்த இவர், திரும்பிப் போய் மறுபடி வருவானேன் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். நாளெல்லாம் லிஃப்ட் கூண்டின் தலைமேல் தனியாக நின்று பழுது பார்க்கிற மனுஷர், நாற்காலி கிடைத்தாலே அவருக்குத் திருவிழா. நூலகத்தில் சின்னப் பிள்ளைகளின் நாற்காலி போட்டிருந்தார்கள், எல்லாருக்கும் முழங்கால் மோவாயில். நான் உட்காருவதற்குள் வகுப்பாசிரியை வந்து நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் அவ அம்மாவா? எப்பவும் உங்களப் பத்தித்தான் பேசுவா" என்றாள். அக்கா, அந்த நாற்காலி சின்னதாக இருந்ததால் பிழைத்தேன், கீழே விழ ரொம்பத் தூரம் இல்லை.

பயிற்சி கொடுக்க வந்த அம்மா மெதுவாகப் பேசுகிறவர். அநியாயத்தை எதிர்த்து நின்ற பிள்ளைக்கு நாம் படைத்தளபதி ஆகக் கூடாது, பிள்ளை சொல்லி முடிக்கும்வரை கேட்கிற ஆளாக இருந்தால் போதும் என்றார். இருவர் இருவராகப் பிரித்து ஒருவர் பிள்ளையாக நடிக்க, மற்றவர் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும் என்றார். எனக்கு ஜோடி யார் என்று நினைக்கிறாய்? அவளேதான். அவள் பிள்ளையாகி, "இன்னைக்கு ஒருத்தன் என்னைத் தள்ளிட்டான்" என்று ஆரம்பித்தாள். "எவன் அவன்? எந்த வகுப்பு? அடி பட்டுச்சா? நீ சாப்பிட்டியா?" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். அந்த அம்மா ஓடிவந்து என் முன்னால் சிவப்பு அட்டையைக் காட்டினார். மூன்று தடவை ஆரம்பித்தோம், மூன்று தடவையும் சிவப்பு. பிறகு நான் பிள்ளையானேன். "என்கிட்ட இருந்ததை ஒருத்தி பிடுங்கிக்கிட்டா. தினமும் சாயந்திரம் கார்ல வெச்சுப் பிடுங்கறா. கேட்டா சிரிக்கறா" என்று சொல்ல ஆரம்பித்ததுதான் தெரியும், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. நாத்தனார் வாயைத் திறக்காமல் கேட்டாள். தரையில் அவள் வலது கால் மட்டும் எதையோ அழுத்திக்கொண்டே இருந்தது. முடிந்ததும் மொத்த நூலகமும் கைதட்டியது. என் நடிப்புக்கு இல்லை அக்கா, அவள் பொறுமைக்கு!

சரி, காரில்தானே இரகசியம் இருக்கிறது என்று நேற்று நானே அவளிடம் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். ஸ்டியரிங்கில் நான், பக்கத்தில் அவள், பின்னால் வாண்டு. முதல் தெரு தாண்டவில்லை, "அம்மா, அந்த அண்ணன் என்ன சொன்னான்னா..." என்று பின்னாலிருந்து குரல். ஆஹா, வந்துவிட்டது! இடுப்புவரை திரும்பி, "என்னடி சொன்னான்?" என்றேன். கார் என்னைக் கேட்காமல் முடிதிருத்தும் கடைப் பலகையைப் பார்க்கப் போய்விட்டது. அந்தக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு என்பதால் நீ இந்தக் கடிதத்தைப் படிக்கிறாய். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர் வெளியே வந்து பார்த்தார். "அண்ணி, ரோடு முன்னாடி இருக்கு. பொண்ணு பின்னாடி பத்திரமா இருக்கா, எங்கயும் ஓடிடல" என்றாள் நாத்தனார். வாண்டு, "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மீதியை மாடியில் போய் யாரிடம் சொல்லியிருப்பாள்? நீயே சொல்லு.

நாத்தனார் ஒன்றும் உத்தமி இல்லை. செவ்வாய்க்கிழமை காலையிலேயே பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்தி, அந்தப் பையனைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை கை வெச்சே, ரிவர்ஸ்லயே வீடு வரைக்கும் துரத்துவேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வக்கீல் அதையும் புகாரில் சேர்த்துவிட்டார். இப்படிப்பட்டவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வழக்கு எங்கே போய் முடியும்? நானாக இருந்தால் நிதானமாக, ஆதாரத்தோடு, வரிசையாக எடுத்துச் சொல்லுவேன். இன்றைக்கே என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்துவிட்டேன். வாண்டு இன்னும் யார் பெயரையும் சொல்லவில்லை. ஊரில் அத்தை இல்லையென்றால் என்னைத் தவிர வேறு யார்? அதனால்தான் உன் காலில் விழுகிறேன். பெற்றவளுக்கு ஒரு நாற்காலி வாங்கிக் கொடு அக்கா.

அத்தானுக்கு என் வணக்கம், பையனுக்கு முத்தம். உன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. உங்கள் வீட்டில் எல்லாரும் எதையும் மறைக்காமல் உன்னிடமே முதலில் சொல்லி, நீண்ட நாள் நிம்மதியாக வாழ வேண்டும்.

என்றும் உன் வயிற்றெரிச்சல் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் காலையில் எழுதுகிறேன். வாண்டு ஷூ மாட்டிக்கொண்டே, "யார் வரணும்னு மிஸ் இன்னைக்குக் கேப்பாங்க. நான் அப்பா பேரச் சொல்லப் போறேன்" என்றாள்.

டீ குடிக்க இறங்கிவந்த நாத்தனாருக்குப் புரையேறியது. "எங்க அண்ணனா? அவரு எதுக்குடி?"

"அவர் அங்க வந்து என்னடி பேசுவார்?" இது நான்.

"ஒண்ணும் பேச மாட்டார். அப்பத்தான் நான் பேச முடியும். நீங்க ரெண்டு பேர்ல யாரு வந்தாலும் நீங்களே பேசிடுவீங்க."

பயிற்சியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்கியவர், "எத்தனை மணிக்கும்மா?" என்று மட்டும் கேட்டார். வாண்டு சொன்னாள். சரி என்று தலையாட்டினார். இத்தனை வருஷமாக நானும் நாத்தனாரும் அடித்துக்கொண்ட இடத்தில் இந்த மனுஷர் பாட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். இப்போது என் வயிறும் அவள் வயிறும் ஒரே அடுப்பில் எரிகிறது.

ஆகையால் நாத்தனாரை அழைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை நாங்கள் இரண்டு பேருமே அங்கே வருகிறோம். இங்கே இருந்தால் எப்படியாவது அந்த அறை ஜன்னலுக்குக் கீழே போய் நிற்போம், எங்களைப் பற்றி எங்களுக்கே தெரியும். கதவைப் பூட்டிச் சாவியை அத்தானிடம் கொடுத்துவிடு, நாங்கள் அழுதாலும் திறக்க வேண்டாம். ஓட்டுவது அவள்தான், பயப்படாதே. பேசி முடித்ததும் வாண்டு உன் வீட்டுக்குப் போன் பண்ணுவாள். மணி அடித்தவுடன் எடுத்து நேராக என் கையில் கொடு. அத்தையைக் கேட்டால், குளிக்கிறாள் என்று சொல்லிவிடு.